மலைக்குப் போய் வருவது உடற்பயிற்சி ஆகுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மகளிர் பக்கத்தில் சில நாள்களுக்கு முன் வெளியான குறிப்பு ஒன்றில், வீட்டிலும் காட்டிலும் ஓயாமல் வேலை பார்க்கும் நம் பெண்களுக்குத் தனியாக உடற்பயிற்சி தேவையில்லை, குனிந்து பெருக்குவதும் குடம் சுமப்பதுமே போதும் என்ற பொருளில் எழுதப்பட்டிருந்தது. தேனி மாவட்டத்தில், பெரும்பாலும் போடிநாயக்கனூரைச் சுற்றியுள்ள ஊர்களில், 34 ஆண்டுகள் கிராம சுகாதார செவிலியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள் என்ற முறையில் இந்தக் கருத்தை நான் மறுக்க வேண்டியிருக்கிறது. எழுதியவரின் நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை. நாற்பத்தைந்தைக் கடந்த பெண்களிடம் நானும் இதையேதான் பல ஆண்டுகள் சொல்லிவந்தேன். அது தவறென்று என் கை எலும்பு முறிந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

எங்கள் பகுதிப் பெண்களின் வேலை எப்படிப்பட்டது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பொழுது புலர்வதற்கு முன்பே ஜீப்புகள் புறப்பட்டுவிடும். போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிக் கேரளத்துக்குள் நுழைந்து, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் இறங்குகிறார்கள். இதைத்தான் நாங்கள் ‘மலைக்குப் போவது’ என்போம். ஏலச்செடி ஆளுயரத்துக்கும் மேலே வளர்ந்தாலும் காய் பிடிப்பது அதன் அடியில், தரையை ஒட்டிப் படரும் சரத்தில். ஆகவே காய் எடுப்பவள் நின்றுகொண்டு பறிக்க வழியில்லை. இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு, செடியின் தூரடியில் குத்துக்காலிட்டு, ஒரு சரத்திலிருந்து அடுத்த சரத்துக்கு அப்படியே நகர்ந்து நகர்ந்து போகிறாள். ஈரத்தரை, அட்டைக்கடி, சரிவு எல்லாம் இதற்கு மேலே. மலையேற முடியாத வயது வந்த பிறகு இதே பெண்கள் ஊருக்குள்ளிருக்கும் கிட்டங்கிகளில் உட்கார்ந்து, சுளகில் காயைக் கொட்டி, வெடித்ததையும் வெளுத்ததையும் தனியே பொறுக்குகிறார்கள். அப்போது ஆடுவது விரல்களும் கண்களும் மட்டுந்தான். மடக்கிய கால்கள் மதியச் சோற்றுக்கு எழும்போதுதான் நீளும். அந்த எழுச்சிக்கும் சுவரோ பக்கத்திலிருப்பவளின் தோளோ வேண்டும்.

இது உழைப்பு, அதிலும் கடும் உழைப்பு. ஆனால் இதைப் பயிற்சி என்று எப்படிச் சொல்வது? பயிற்சியில் சுமையை நாம்தான் தீர்மானிக்கிறோம், கொஞ்சங்கொஞ்சமாக ஏற்றுகிறோம், உடம்பு தன்னைச் செப்பனிட்டுக்கொள்ள இடையில் ஓய்வு கொடுக்கிறோம், பயன்படாத தசைகளைத் தேடிப்பிடித்து வேலை கொடுக்கிறோம். தோட்டத்தில் இந்த நான்கும் இல்லை. ஒரே மூட்டு, ஒரே கோணம், எட்டு மணி நேரம்; மறுநாளும் அதுவே. முதுகுத்தண்டு நாளெல்லாம் வளைந்தே இருக்கிறது; மூச்சு வாங்கும் அளவுக்கு இதயம் வேலை செய்வதோ மேட்டில் ஏறும் சில நிமிடங்களில் மட்டுமே. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைச் சுமார் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்து 2021-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், ஓய்வு நேரத்தில் உடலுக்கு வேலை கொடுத்தவர்களிடம் மாரடைப்பு முதலிய அபாயங்களும் இறப்பும் குறைந்தும், பிழைப்புக்காகக் கடுமையாக உடலுழைத்தவர்களிடம் அவையே கூடியும் காணப்பட்டன. நீண்ட நேரம் ஒரே நிலையில் இருப்பதும், பளு தூக்குவதும், போதிய ஓய்வின்மையும் நாள் முழுவதும் இரத்த அழுத்தத்தையும் இதயத்துடிப்பையும் உயர்த்தியே வைத்திருப்பது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். டென்மார்க்காரர்களின் உடம்பு வேறு, நம்முடையது வேறு என்று யாரேனும் வாதிடலாம், வாதிடட்டும். மலைக்குப் போன பெண்களின் வீடுகளில் நான் கட்டிய இரத்த அழுத்தப் பட்டைகள் டென்மார்க்கின் பக்கமே பேசின.

நடுவயதில் பெண்ணுடம்பில் நடப்பதை வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். நம் நாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் மாதவிடாய் நின்றுவிடுகிறது. அதுவரை எலும்பையும் இரத்தக்குழாய்களையும் ஓரளவு காத்துவந்த ஈஸ்ட்ரோஜன் சுரப்பு சரியவே, அடுத்த சில ஆண்டுகளில் எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறைகிறது. கெட்ட கொழுப்பு ஏறுகிறது. இடுப்பைச் சுற்றியிருந்த சதை வயிற்றுக்கு இடம் மாறுகிறது. தசையோ முப்பது வயதிலிருந்தே பத்தாண்டுக்கு 3 முதல் 8 விழுக்காடு வரை கரைந்துகொண்டிருக்கிறது, அறுபதுக்குமேல் இன்னும் வேகமாக. சர்க்கரையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடுதழுவிய ஆய்வில் நீரிழிவு உள்ளவர்கள் தமிழ்நாட்டில் 14.4 விழுக்காடும் கேரளத்தில் 25.5 விழுக்காடும் என்று கண்டிருக்கிறார்கள். இரண்டு மாநிலத்து மண்ணையும் ஒரே நாளில் மிதித்துவிட்டுத் திரும்பும் எங்கள் பெண்களுக்கு இரண்டு எண்களுமே உறவுதான்.

என் கதைக்கு வருகிறேன். 57-ஆம் வயதில், கொல்லைப்புறத்தில் துணி துவைக்கும் கல்லருகே வழுக்கிக் கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டு முறிந்தது. நின்ற உயரத்திலிருந்து விழுந்தாலே எலும்பு முறிகிறதென்றால் எலும்பு ஏற்கெனவே நலிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது செவிலியரான எனக்கே அன்று தோன்றவில்லை. நான் போன மருத்துவமனையில் கட்டுப் போட்டார்கள், ஆறு வாரத்தில் பிரித்தார்கள், ‘வயதாகிவிட்டதம்மா, இனிக் கனமானது எதையும் தூக்காதீர்கள், வீணாக அலையாதீர்கள்’ என்று சொல்லி அனுப்பினார்கள். இயன்முறைப் பயிற்சி பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. சொன்னதை நானும் எட்டு மாதம் பத்தினித்தனமாகக் கடைப்பிடித்தேன். எடை ஆறு கிலோ கூடியது. கோவிலில் தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. பின்னர் உறவினர் ஒருவருக்காக வீட்டுக்கு வந்த இயன்முறை மருத்துவர், சின்னப் பெண், என்னைக் கைப்பிடியில்லாத நாற்காலி ஒன்றில் உட்காரவைத்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு முப்பது விநாடியில் எத்தனை முறை முழுவதுமாக எழுந்து உட்கார முடிகிறதென்று எண்ணினார். ஏழு. 60 முதல் 64 வயதுப் பெண்ணுக்கே பன்னிரண்டுக்குக் கீழே போனால் குறைவு என்று கணக்கு. 65 முதல் 69 வரை பதினொன்று, 70 முதல் 74 வரை பத்து. ஊர் ஊராக நடந்தே வேலை பார்த்தவள், எனக்கென்ன குறை என்று அதுவரை மிதப்பில் இருந்தேன். நடந்த கால்தான், ஆனால் வலுவுள்ள காலாக அது இல்லை.

இந்தச் சோதனைக்குச் செலவே கிடையாது. இதைப் படிக்கும் சகோதரிகள் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, பக்கத்தில் ஒருவரை நிற்கவைத்துக்கொண்டு, இன்று மாலையே செய்து பார்க்கலாம். எண்ணிக்கை குறைந்தால் கலங்க வேண்டாம், சோதனையே மருந்துமாகும். அதையே நாளுக்கு இரண்டு மூன்று சுற்று, சுற்றுக்கு எட்டு பத்து முறை செய்து வந்தால் தொடையின் முன்புறத் தசை வலுப்பெறும். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது, சுவரில் கைகளை ஊன்றிச் சாய்ந்து தள்ளுவது, ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டிகளைக் கைக்கொன்றாக எடுத்துத் தோளுக்கு மேலே உயர்த்துவது, பிடிமானத்துக்கு அருகிலேயே நின்று பத்து விநாடி ஒற்றைக்காலில் நிற்பது ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டால் நம் வீட்டுக்குள்ளேயே ஓர் உடற்பயிற்சிக்கூடம் அமைந்துவிடும். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எளிதாகிவிட்ட பிறகும் அதே அளவிலேயே நின்றுவிட்டால் தசையும் அதே அளவில் நின்றுவிடும். தண்ணீருக்குப் பதில் மணல், பிறகு மூன்று கிலோ அரிசிப் பை என்று ஏற்றிக்கொண்டே போக வேண்டும். இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்பவர்களுக்கு ஒரு செய்தி: அமெரிக்காவின் பாஸ்டனில் முதியோர் இல்லத்தில் வசித்த, சராசரி வயது 90 உடைய நலிந்த பத்துப் பேருக்கு எட்டு வாரம் பளுப்பயிற்சி கொடுத்தபோது அவர்களின் கால் வலு இரண்டரை மடங்குக்கும் மேலானது. 1990-இல் வெளிவந்த ஆய்வு இது. ஆஸ்திரேலியாவில் எலும்பு அடர்த்தி குறைந்த, மாதவிடாய் நின்ற பெண்கள் வாரம் இரு முறை அரை மணி நேரம் மேற்பார்வையின்கீழ் பளு தூக்கிய எட்டு மாதங்களில், தேய்ந்துகொண்டிருக்க வேண்டிய அவர்களது இடுப்பு முதுகெலும்பின் அடர்த்தி கூடவே செய்தது. சமநிலைப் பயிற்சியும் வலுப்பயிற்சியும் முதியோர் கீழே விழும் நிகழ்வுகளை ஏறத்தாழ கால் பங்கு குறைக்கின்றன என்பதும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து நிறுவப்பட்டதே.

‘முட்டி தேய்ந்துவிட்டது, இனி எங்கே பயிற்சி’ என்பதை எங்கள் ஊரில் ஐம்பது வயதுப் பெண்கள் ஜாதகப் பலனைப்போல ஒப்புக்கொள்கிறார்கள். குத்துக்காலிட்டே வாழ்நாளைக் கழித்தவர்களுக்கு முட்டி வலிப்பதில் வியப்பில்லை. ஆனால் தேய்ந்த முட்டிக்கு முதல் மருத்துவமே அதைத் தாங்கும் தசைகளை வலுப்படுத்துவதுதான். வலிக்கு மாத்திரையும் ஊசியும் அதற்குப் பின்னரே. உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால் எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியிலும் முட்டியின் மேல் விழும் சுமை நான்கு கிலோ அளவுக்குக் குறைகிறது என்று அளந்தும் காட்டியிருக்கிறார்கள். பயிற்சியின்போது சற்று வலிப்பது தீங்கில்லை. மறுநாள் முட்டி வீங்கினாலோ வலி கூடினாலோ அளவைக் குறைக்க வேண்டும்.

இன்னொன்றை நாளிதழில் எழுதலாமா என்று யோசித்தே எழுதுகிறேன். நடைப்பயிற்சிக்கு வர மறுக்கும் பெண்களில் பலர் சோம்பலால் மறுப்பதில்லை. இருமினால், தும்மினால், வேகமாக நடந்தால் சிறுநீர் கசிகிறது. சேலை நனைந்துவிடுமோ என்ற அச்சம். சிலருக்கு அடியிறக்கமும், அதாவது கருப்பை கீழே சரிவதும் இருக்கும். பிள்ளைப்பேறுகளும், மலச்சிக்கலும், பளு சுமந்ததும் சேர்ந்து இடுப்பின் அடித்தளத் தசைகளைத் தளர்த்திவிட்டதால் வருவது இது. கணவரிடமும் சொல்லமாட்டார்கள், மகளிடமும் சொல்லமாட்டார்கள். பணிக்காலத்தில் என்னிடமே கதவைச் சாத்திவிட்டுத்தான் சொன்னார்கள். சிறுநீரை அடக்குவதுபோல அந்தத் தசைகளை உள்ளிழுத்து ஐந்தாறு விநாடி பிடித்து, பிறகு அதே அளவு நேரம் தளர்த்தி, ஒரு வேளைக்குப் பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை செய்துவந்தால் பெரும்பாலானோருக்கு மூன்று மாதத்தில் வேறுபாடு தெரியும். அடுப்படியில் நின்றபடியும் ஜீப்பில் உட்கார்ந்தபடியும் பிறர் அறியாமலேயே செய்யத்தக்கது. சதை வெளியே இறங்கியிருந்தால் மட்டும் முதலில் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

இவ்வளவும் எழுதுவதால் நடையை நான் குறைத்துப் பேசுவதாக எண்ண வேண்டாம். அமெரிக்கச் செவிலியர்கள் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்த ஆய்வொன்று, வாரத்துக்கு மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ விறுவிறுப்பாக நடந்த பெண்களுக்கு இதயநோய் 30 முதல் 40 விழுக்காடு குறைந்திருந்ததாக 1999-இலேயே சொன்னது. என் தொழிலைச் சேர்ந்தவர்கள் என்பதால் எனக்கு அந்த ஆய்வின்மேல் ஒரு தனிப் பிரியம். சர்க்கரை நோயின் வாசலில் நின்ற நம் மக்களிடம் சென்னையில் நடத்தப்பட்டு 2006-இல் வெளியான ஆய்வு, உணவுக் கட்டுப்பாடும் அன்றாட நடையும் நோய்க்குள் நுழைவதை 28.5 விழுக்காடு குறைத்தன என்று காட்டியது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சியும், இரண்டு நாளேனும் வலுப்பயிற்சியும், 65-ஐத் தாண்டியவர்களுக்கு வாரம் மூன்று நாள் சமநிலைப் பயிற்சியும் கேட்கிறது. மிதம் என்றால் நடந்துகொண்டே பேச முடியும், பாட முடியாது, அவ்வளவுதான் அளவுகோல். ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது நடந்தால்தான் கணக்கில் சேரும் என்ற பழைய நிபந்தனையையும் அதே வழிகாட்டுதல் கைவிட்டுவிட்டது. உலை கொதிக்கும் நேரத்தில் மாடிப்படி ஏறி இறங்கினாலும் கணக்கில் சேரும்.

கவனிக்க வேண்டியவை சில உண்டு. நெஞ்சை அழுத்தினால், தலை சுற்றினால், வழக்கத்துக்கு மாறாக மூச்சு வாங்கினால் உடனே நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும். பளு தூக்கும்போது மூச்சைப் பிடிக்கக் கூடாது, அழுத்தம் ஏறும். சர்க்கரைக்கு இன்சுலினோ அதைத் தூண்டும் மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நடக்கக் கூடாது. முந்தானையில் இரண்டு மிட்டாய் முடிந்துகொள்ள வேண்டும். பாதம் மரத்திருப்பவர்கள் வெறுங்காலோடு கோவில் பிரகாரத்தைச் சுற்றுவதைப் பயிற்சியாகக் கொள்ளக் கூடாது. எலும்பின் அடர்த்தி குறைந்து நலிந்திருப்பது உறுதியானவர்கள், யோகா வகுப்பில் எல்லோரும் செய்கிறார்களே என்று முதுகை வளைத்து நெற்றியால் முட்டியைத் தொடும் ஆசனங்களைச் செய்யாதிருப்பது நல்லது, முதுகெலும்பு நொறுங்கிவிடக்கூடும்.

இனி, இடம். 2011 தொடக்கத்தில் மதுரை–போடி மீட்டர்கேஜ் இரயில் நின்றுபோன பிறகு, ஆளரவமற்றுப் போன அந்தப் பாதையோரம்தான் எங்கள் தெருப் பெண்கள் சிலருக்கு நடைமேடை. நைட்டியின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு யார் கண்ணிலும் படாமல் நடக்க அதைவிட நல்ல இடம் அமையவில்லை. 2023 ஜூனில் அகலப்பாதையில் இரயில் திரும்பி வந்தது. ஊருக்கே மகிழ்ச்சி, எனக்கும்தான். எங்கள் நடை மட்டும் நின்றுபோனது. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு அரசு ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டந்தோறும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதைகளை அறிவித்துத் தொடங்கியது பாராட்டுக்குரியது. ஆனால் அந்தப் பாதை இருக்கும் இடத்துக்குப் பேருந்து ஏறிப் போய் நடந்துவிட்டு வர, காலை ஐந்து மணிக்கு எந்தப் பெண்ணுக்கு ஓய்விருக்கிறது? 2019-ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களையும் ஆண்கள் 97 நிமிடங்களையும் செலவிட்டார்கள் என்று பதிவாகியிருக்கிறது. அதிகாலை என்பது ஆண்களின் நடைப்பயிற்சி நேரம். நம் பெண்களுக்குக் கிடைப்பது, மலை ஜீப் திரும்பிய பிறகு இரவுச் சமையலுக்கு முன் உள்ள ஒரு துண்டு நேரம். அந்நேரத்தில் தெருவில் நாய்கள், மைதானத்தில் கிரிக்கெட், ஓரத்தில் மது அருந்துவோர்.

ஆகவே என் வேண்டுகோள்கள் சிறியவை. ஊருக்குள் இருக்கும் பள்ளி மைதானங்களில் ஒன்றையேனும், வாரத்தில் நான்கு நாள், மாலை ஐந்தரை முதல் ஏழு மணி வரை பெண்களுக்கென்று ஒதுக்கி, ஒரு மின்விளக்கும் பூட்டப்படாத கழிப்பறையும் அமைத்துத் தர நகராட்சியும் கல்வித்துறையும் முன்வர வேண்டும். மகளிர் சுய உதவிக் குழுக்கள் வாரக் கூட்டத்தின் முதல் இருபது நிமிடத்தை, வரவு செலவுக்கு முன், நாற்காலிப் பயிற்சிக்குக் கொடுக்கலாம். கூட்டத்துக்கு எப்படியும் எல்லோரும் வருகிறார்கள், நாற்காலியும் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு வீடாக வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள், அந்த இரண்டு எண்களுக்குப் பக்கத்தில் மூன்றாவதாக, முப்பது விநாடியில் எத்தனை முறை எழுந்தார் என்ற எண்ணையும் குறித்துக்கொள்ளலாம். கூடுதலாகத் தேவைப்படுவது ஒரு நாற்காலியும் கைப்பேசியில் இருக்கும் கடிகாரமும்தான். எண் குறைந்தவர்களின் வீட்டுக்கு அதே திட்டத்தின் இயன்முறை மருத்துவரை அனுப்பவும் வழியிருக்கிறது.

என் எண் இப்போது பதினைந்து, வயது 63. எங்கள் தெருவில் செவ்வாய், வெள்ளி தவிர்த்த நாள்களில் ஒன்பது பேர் என் வீட்டு முற்றத்தில் கூடுகிறோம். அந்த இரண்டு நாளும் கோவில், அதில் நான் தலையிடுவதில்லை. இருவர் இன்னும் மலைக்குப் போகிறவர்கள். களைப்போடுதான் வருகிறார்கள், அவர்களுக்குக் குந்தி எழும் பயிற்சி எதுவும் நான் கொடுப்பதில்லை, முதுகை நிமிர்த்துவதும் தோளைப் பின்னே இழுப்பதும் மட்டுமே. முற்றத்தில் பத்தாவது ஆளுக்கு இடமில்லை. அடுத்த தெருவில் உள்ள பள்ளியின் மைதானமோ மாலை ஐந்து மணிக்கெல்லாம் பூட்டப்பட்டுவிடுகிறது. சாவி எந்த அலுவலகத்தில் கேட்டால் கிடைக்கும் என்று கேட்டு இரண்டு முறை மனுக் கொடுத்தேன். இரண்டு முறையும் வேறோர் அலுவலகத்தைச் சொன்னார்கள். இக்கடிதம் வெளியானால், உரியவர் யாரென்பதாவது தெரியவரும் என்று எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவர்,
போடிநாயக்கனூர், தேனி மாவட்டம்.